போர்க் காயம் ஏட்டில் ஏறாமல் போனால்: வாசகர் கேள்வி – பதில்

முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் எழுதும் கடிதங்களில் ஒரே குறை பல உருவில் வருகிறது. சண்டையில் பட்ட காயம் ராணுவ ஆவணத்தில் சாதாரண விபத்தாகப் பதிந்திருக்கிறது, அல்லது பதியவே இல்லை. இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப் படையில் இருந்தபோது வலது தொடையில் குண்டு பாய்ந்தது. வீட்டுக்குத் தந்தி வந்தது. குணமாகி யூனிட்டுக்குத் திரும்பி, 1999-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். கடைசி மெடிக்கல் போர்டு 30 சதவீத ஊனம் என்று எழுதியது. டிஸெபிலிட்டி பென்ஷன் வருகிறது. என்னோடு அதே நாளில் அடிபட்டவர் வார் இன்ஜுரி பென்ஷன் வாங்குகிறார். எனக்கு ஏன் இல்லை? இத்தனை வருஷம் கழித்துத் திருத்த முடியுமா?
— முன்னாள் ஹவில்தார், மெட்ராஸ் ரெஜிமென்ட், வேலூர் மாவட்டம்

பதில்: முடியும் ஐயா. ஆனால் மனு எழுதுவதற்கு முன்னால், தவறு எந்தத் தாளில் நடந்தது என்று கண்டுபிடியுங்கள். ஒரு காயத்தைப் பற்றி ராணுவம் மூன்று தனித்தனி முடிவுகளை எடுக்கிறது. மூன்றையும் எடுப்பவர்கள் வேறு வேறு ஆட்கள்.

காயம் பணியினால் ஏற்பட்டதா என்பது முதலாவது. யூனிட் கமாண்டிங் ஆபீசர் காய அறிக்கையில், அதாவது ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 படிவத்தில், அல்லது கோர்ட் ஆஃப் இன்கொயரியின் (ராணுவ விசாரணைக் குழு) முடிவில் இதை எழுதுவார். ஆவணங்களில் ‘ஆட்ரிபியூட்டபிள்’ என்று இருக்கும். இரண்டாவது, நீங்கள் பேட்டில் கேஷுவல்டியா (போர் நடவடிக்கையில் பாதிக்கப்பட்டவர்), பிசிகல் கேஷுவல்டியா (மற்ற விதத்தில் பாதிக்கப்பட்டவர்) என்பது. யூனிட் மேலிடத்துக்கும், வீரர்களின் சேவை ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கும் அனுப்பும் கேஷுவல்டி அறிக்கையில் இது முடிவாகி, பார்ட்-டூ ஆர்டராக (வீரரின் சேவை விவரத்தைப் பதியும் உத்தரவு) வெளியாகும். மூன்றாவது, ஊனம் எத்தனை சதவீதம். இதை மட்டும்தான் மெடிக்கல் போர்டு சொல்கிறது. பிரயாக்ராஜில் உள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம் இந்த மூன்றையும் வாங்கிக் கணக்குப் போடுகிறது. அங்கே யாரும் காயத்தை ஆராய்வதில்லை.

உங்களுக்கு டிஸெபிலிட்டி எலிமென்ட் (பென்ஷனில் ஊனத்துக்கான பங்கு) வருகிறது என்றால் முதல் முடிவும் மூன்றாவது முடிவும் சரியாக இருக்கின்றன. இரண்டாவதுதான் விடுபட்டிருக்கிறது, அல்லது பிசிகல் கேஷுவல்டி என்று தவறாகப் பதிந்திருக்கிறது. எனவே ‘மறுபடி மெடிக்கல் போர்டு வைக்கவும்’ என்று எழுதாதீர்கள். பலர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். புது போர்டு உங்கள் சதவீதத்தைத் தொடுமே தவிர, பேட்டில் கேஷுவல்டி என்று அறிவிக்கும் அதிகாரம் டாக்டர்களுக்குக் கிடையாது. தேவையில்லாமல் சதவீதத்தைக் கிளறினால் அது குறையவும் கூடும்.

முதல் வேலை தகவல் உரிமை மனு. மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. அங்குள்ள மத்தியப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக அனுப்பலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அதற்கும் மேல் தில்லி மத்திய தகவல் ஆணையம், அதற்கு 90 நாள்.

‘என் காயம் பற்றிய எல்லா விவரமும் வேண்டும்’ என்று கேட்டால் ‘குறிப்பாகக் கேட்கவும்’ என்று திரும்பி வரும். தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: காய அறிக்கை ஐ.ஏ.எஃப்.ஒய்-2006, கோர்ட் ஆஃப் இன்கொயரி நடந்திருந்தால் அதன் கண்டறிதலும் கமாண்டரின் கருத்தும், 1987 அக்டோபர் முதல் 1988 மார்ச் வரை உங்கள் பெயரில் வெளியான அத்தனை பார்ட்-டூ ஆர்டர்களும், ஷீட் ரோல் (சேவைப் பதிவேடு) முழுதும், குறிப்பாகக் காயம் மற்றும் மருத்துவமனைப் பதிவுப் பக்கங்கள், மருத்துவ வகை மாற்றிய போர்டுகளின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-15, ஓய்வின்போது எழுதிய ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16, பென்ஷன் அலுவலகத்துக்கு ரெக்கார்ட்ஸ் அனுப்பிய கிளெய்ம் கடிதம். கடைசியாகச் சொன்னது பலருக்கு நினைவில் வராது. காயத்தை எந்தப் பெயரில் ரெக்கார்ட்ஸ் அனுப்பியது என்று அதில்தான் தெரியும்.

நகல் வந்ததும் காய அறிக்கையை எடுத்து, ‘காயம் எப்படி ஏற்பட்டது’ என்ற பத்தியைப் படியுங்கள். ‘ஆபரேஷன் பவன் பகுதியில் தேடுதல் நடவடிக்கையின்போது எதிரியின் துப்பாக்கிச் சூட்டில்’ என்ற பொருளில் இருந்தால் உங்கள் வழக்கு பாதி முடிந்தது. ஆபரேஷன் பவன் என்பது அமைதிப் படையின் அந்த யாழ்ப்பாண நடவடிக்கையின் பெயர். ‘பணியின்போது வலது தொடையில் காயம்’ என்று மட்டும் இருந்தால் மருத்துவமனைத் தாளுக்குப் போங்கள். டாக்டர் ‘ஜி.எஸ்.டபிள்யூ. வலது தொடை’ என்று எழுதியிருப்பார். அது துப்பாக்கிக் குண்டுக் காயத்தின் சுருக்கம். தேதி ஒன்று, இடம் ஒன்று, காயத்தின் வகை குண்டு. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யூனிட் எழுதாமல் விட்டது தெரிந்துவிடும்.

அந்தத் தந்தி வீட்டில் இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள், தாள் மங்கிப்போகும். ஸ்கேன் எடுத்து, மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், யாரிடமும் மூலத்தைக் கொடுக்காதீர்கள். உறவினருக்குக் காயச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அதற்கு முன்னால் யூனிட்டிலிருந்து கேஷுவல்டி சிக்னல் போயிருக்கிறது. சம்பவத்தின்போதே பிறந்த தாள் என்பதால், பிற்பாடு வாங்கும் பத்து சான்றிதழைவிட அதற்கு எடை அதிகம்.

கூட இருந்தவர்களின் பிரமாண வாக்குமூலமும் சேர்க்கலாம், இரண்டு பேர் போதும். காயம்பட்ட இடத்தில் நேரில் இருந்தவராக இருக்க வேண்டும். அவருடைய எண், ரேங்க், அன்று எந்த பிளட்டூனில் இருந்தார், என்ன பார்த்தார், உங்களை யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது அவர் சொந்த வார்த்தையில் வர வேண்டும். ஒரே டைப்பிஸ்ட் அடித்த, பெயர் மட்டும் மாறிய இரண்டு வாக்குமூலங்கள் நன்மையைவிடக் கெடுதலே செய்யும்.

இப்போது மனு. ரெக்கார்ட்ஸின் பொறுப்பு அதிகாரிக்கு ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். கோரிக்கை இரண்டே வரி: 1987-ல் பட்ட காயத்தை பேட்டில் கேஷுவல்டி என்று மாற்றி வகைப்படுத்தித் திருத்தப் பார்ட்-டூ ஆர்டர் வெளியிட வேண்டும், அதன்படி டிஸெபிலிட்டி எலிமென்ட்டை வார் இன்ஜுரி எலிமென்ட்டாக மாற்றி கோரிஜெண்டம் பி.பி.ஓ. (திருத்திய பென்ஷன் உத்தரவு) பெற்றுத் தர வேண்டும். ‘தங்கள் அலுவலகத்துக்கு அதிகாரம் இல்லையென்றால் ராணுவத் தலைமையகத்தின் அட்ஜுடன்ட் ஜெனரல் கிளைக்கு அனுப்பவும்’ என்று மூன்றாவது வரியும் சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்று ஃபைலை மூடிவிட வழி கிடைக்கிறது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தால் ஆறு மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.

சட்ட அடிப்படை, பாதுகாப்பு அமைச்சகத்தின் 31.1.2001 தேதியிட்ட கடிதம். 1.1.1996-லும் அதற்குப் பின்னும் பணியில் இருந்தவர்களுக்கு அது பொருந்தும். ஊனத்துக்கான காரணங்களை ஏ முதல் இ வரை ஐந்து பிரிவாக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டு அமைதிப் பணியில் நடந்த நடவடிக்கை, எல்லை மோதல், தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை, அரசு தனியாக அறிவித்த ஆபரேஷன்கள் எல்லாம் ‘இ’ பிரிவு. 1999-ல் ஓய்வு பெற்ற நீங்கள் இதற்குள் வருகிறீர்கள். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு ஆணைகள் வேறு, ஆனால் ஆவணத்தைத் திருத்தும் வழி இதேதான்.

பண வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறோம். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு 100 சதவீத ஊனத்துக்கு டிஸெபிலிட்டி எலிமென்ட் கணக்கிடும் ஊதியத்தில் 30 சதவீதம், வார் இன்ஜுரி எலிமென்ட் 60 சதவீதம். கணக்கிடும் ஊதியம் 40,000 ரூபாய், ஊனம் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் முன்னதில் மாதம் 6,000, பின்னதில் 12,000. அதன் மேல் அகவிலை நிவாரணம். காயத்தாலேயே பணியிலிருந்து நீக்கப்பட்டவருக்கு வார் இன்ஜுரி எலிமென்ட் முழு ஊதிய அளவில் கணக்காகும். அதே உதாரணத்தில் 20,000.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் 30 சதவீதம் 50 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறதா? 50-க்குக் குறைந்தது 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், 76-ம் அதற்கு மேலும் 100 என்றும் எடுத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் பி.பி.ஓ.வில் இன்னும் 30 என்றே இருந்தால் அதையும் இதே மனுவில் கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் 1971 போரில் மேற்கு எல்லையில் ஷெல் துண்டு பட்டுக் காயமடைந்தவர். 2016-ல் காலமானார். எனக்குச் சாதாரணக் குடும்ப பென்ஷன் வருகிறது. காயம் எங்குமே பதிவாகவில்லை. கேட்டதற்கு ‘பழைய ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன’ என்று பதில் வந்தது. இனி வழி உண்டா?
— வாசகி, தேனி

பதில்: அம்மா, அந்த ஒரு வரிப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். பென்ஷன் பெறாமல் வெளியேறியவர்களின் சேவை ஆவணங்களைத்தான் 25 ஆண்டுக்குப் பிறகு அழிக்கிறார்கள். உங்கள் கணவர் பென்ஷன் வாங்கியவர், அவருடைய தாள்களை அதைவிட நீண்ட காலம் வைத்திருக்க வேண்டும். எனவே மறுபடி தகவல் உரிமை மனு போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் தேதியில் அழித்தீர்கள், எந்த விதியின் கீழ், அழிப்பு வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல் எங்கே? இந்தக் கேள்விக்குப் பிறகு ‘தேடிப் பார்த்ததில் கிடைத்தது’ என்று ஃபைல் வெளியே வருவதுண்டு. மற்ற தாள்கள் போனாலும் லாங் ரோல் என்ற பேரேடு நிலையாக இருக்கும். அதன் நகலையும் கேளுங்கள். மனைவி என்பதற்குக் குடும்ப பென்ஷன் பி.பி.ஓ. நகல் போதும்.

வீட்டில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள், குறிப்பாக மருத்துவ வகை, அடையாளத் தழும்புகள் என்ற இடங்களை. சேரும்போது எழுதிய அடையாளத்தில் இல்லாத தழும்பு, வெளியேறும்போது எழுதியதில் இருந்தால் அதுவே ஒரு சான்று. காயத்துக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து அவர் எழுதிய கடிதம் இருந்தால் உறையோடு வையுங்கள். ராணுவத் தபால் முத்திரையில் தேதி தெரியும்.

அடுத்தது யூனிட்டின் போர் நாட்குறிப்பு. போர்க்களத்தில் இருக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அதை எழுதியாக வேண்டும். இறந்தவர், காயம்பட்டவர் பட்டியல் அதில் இணைப்பாக இருப்பதுண்டு. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட கொள்கைப்படி 25 ஆண்டுக்கு மேற்பட்ட போர் நாட்குறிப்புகளை நிபுணர்கள் பரிசீலித்து, ரகசியத் தன்மை நீக்கியபின் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும். அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பட்டாலியன் பெயர், போர்முனை, காயம்பட்ட தேதியைக் குறிப்பிட்டு, ‘அந்தத் தேதிக்குரிய கேஷுவல்டி இணைப்பு மட்டும் வேண்டும்’ என்று சொன்னால் வேலை சுலபமாகும். தேதி சரியாகத் தெரியாவிட்டால், தெரிந்த இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட காலம் என்று எழுதுங்கள். ஊகமான ஒரு தேதியைப் போட்டுவிட்டு, பின்னால் ஆவணத்தில் வேறு தேதி வந்தால் மொத்த மனுவும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பலனைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். வார் இன்ஜுரி எலிமென்ட் காயம்பட்டவருக்கானது, அவர் காலத்தோடு நின்றுவிடும். அந்தக் காயத்தின் தொடர்ச்சியாகவே அவர் இறந்தார் என்று மருத்துவச் சான்று இருந்தால்தான் உங்களுக்கு உயர்ந்த வகைக் குடும்ப பென்ஷன் கேட்க இடமுண்டு. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதை நிரூபிப்பது கடினம். நிலுவைத் தொகையும் சிறியதாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் அவர் போரில் காயம்பட்டவர் என்று அவருடைய ஆவணம் சொல்ல வேண்டும் என்பதே தனியாக நிற்கக்கூடிய கோரிக்கை. பணக் கோரிக்கையோடு சேர்க்காமல் அதை முதலில் தனி மனுவாகக் கொடுங்கள்.

கேள்வி: 1999-ல் கார்கிலில் மோர்ட்டார் துண்டு தோளில் பட்டது. ரெஜிமென்டல் எய்டு போஸ்டில் கட்டுப் போட்டு, சில நாள் ஃபீல்டு ஆம்புலன்சில் (போர்முனை மருத்துவப் பிரிவு) இருந்துவிட்டு மேலே போய்விட்டேன். 2006-ல் ஷேப்-1 (முழு உடல்தகுதி) மருத்துவ வகையில் ஓய்வு. இப்போது எக்ஸ்ரேயில் தோளுக்குள் இரும்புத் துண்டு தெரிகிறது. வூண்ட் மெடலும் இல்லை, பென்ஷனும் இல்லை.
— முன்னாள் நாயக், திருநெல்வேலி

பதில்: இரண்டையும் பிரித்துப் பாருங்கள். வூண்ட் மெடல் எனப்படும் பராக்கிரமப் பதக்கம் ஊனத்தைப் பார்த்துத் தருவது அல்ல. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டாரா என்பது மட்டும்தான் கேள்வி. நீங்கள் முழுதாகக் குணமாகி ஷேப்-1 ஆனது அதற்குத் தடையில்லை. உங்களிடம் ஆபரேஷன் விஜய் பதக்கம் இருக்கலாம். அது நீங்கள் அங்கே இருந்ததைக் காட்டும், காயத்தைக் காட்டாது.

உங்கள் சிக்கல், முன்னணியிலேயே சிகிச்சை முடிந்துவிட்டது. பெரிய மருத்துவமனைக்கு வராததால் காகிதம் குறைவு. ஃபீல்டு ஆம்புலன்சின் அட்மிஷன் – டிஸ்சார்ஜ் பேரேட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த ஃபீல்டு ஆம்புலன்ஸின் எண்ணைக் கண்டுபிடித்துக் கேளுங்கள். கூடவே யூனிட்டின் கேஷுவல்டி ரிட்டர்ன். அன்று உங்களுக்குக் கட்டுப் போட்ட மெடிக்கல் ஆபீசர் அல்லது நர்சிங் அசிஸ்டென்ட்டின் வாக்குமூலம் கிடைத்தால் அதுவே முதல் தரம். எக்ஸ்ரே அறிக்கையில் துண்டின் இடம், அளவு, அது உலோகம் என்பது மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். எக்ஸ்ரே காயத்தின் தேதியைச் சொல்லாது. ஓய்வுக்குப் பிறகு அப்படி ஒரு காயம் உங்களுக்கு ஏற்படவில்லை என்று உங்கள் பிரமாண வாக்குமூலத்தில் ஒரு வரி சேர்த்து அந்த இடைவெளியை அடையுங்கள்.

உடம்பைப் பற்றியும் ஒன்று: எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உடம்பில் இரும்பு இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். காந்தப்புலத்தில் துண்டு நகரக்கூடும், சூடாகவும் கூடும்.

பென்ஷன் கடினம். ஓய்வின்போது ஊனமே இல்லை என்று நீங்களே கையெழுத்திட்ட போர்டு இருக்கிறது. ஆவணத்தில் காயம் ஏறிய பிறகு, அதைக் காட்டி மெடிக்கல் போர்டு கேட்பதே சரியான வரிசை. தலைகீழாகப் போனால் போர்டு ‘ஓய்வுக்குப் பின் வந்த தோள்வலி’ என்று எழுதிவிடும். பிறகு அந்த வாக்கியத்தோடும் நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆபரேஷன் பராக்கிரம் (பாகிஸ்தான் எல்லையில் நடந்த படைக் குவிப்பு) சமயம், 2002-ல் ராஜஸ்தான் எல்லையில் நாங்களே புதைத்த கண்ணிவெடியை எடுக்கும்போது வெடித்து என் தம்பியின் பாதம் போனது. ‘பணியின்போது விபத்து’ என்று எழுதி டிஸெபிலிட்டி பென்ஷன்தான் தந்திருக்கிறார்கள். எதிரி இல்லாதபோது போர்க் காயம் என்று கேட்க முடியுமா?
— வாசகர், நாமக்கல்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 2001 கடிதத்தின் ‘இ’ பிரிவு கண்ணிவெடி புதைத்தல், அகற்றுதல் இரண்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. சர்வதேச எல்லைக்கு அருகே நம் படை போட்ட கண்ணிவெடிக் களமும் அதில் அடக்கம். ‘விபத்து’ என்று எழுதியதாலேயே ‘சி’ பிரிவுக்குத் தள்ளியிருக்கிறார்கள். விபத்தாக வெடித்தாலும் ‘இ’ பிரிவுதான் என்று அந்தக் கடிதமே சொல்கிறது. கோர்ட் ஆஃப் இன்கொயரி நகலில் ‘ஆபரேஷன் பராக்கிரம்’, ‘கண்ணிவெடி அகற்றுதல்’, இடத்தின் பெயர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் புதிய சான்று எதுவும் தேவையில்லை, வகைப்பாட்டை மட்டும் மாற்றினால் போதும். பாதம் போனதால் பணியிலிருந்து நீக்கப்பட்டவர் என்றால் முழு ஊதிய அளவிலான கணக்கு பொருந்தும். தகவல் உரிமை மனுவில் கையெழுத்து தம்பியுடையதாக இருக்கட்டும். அண்ணன் கேட்டால் மூன்றாம் நபரின் சொந்த விவரம் என்று மறுத்துவிடுவார்கள்.

கேள்வி: சியாச்சினில் பனிக்கடியால் விரல்கள் போயின. அது போர்க் காயமா?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: பேட்டில் கேஷுவல்டியாக இருக்க முடியும், வூண்ட் மெடல் கிடைக்காது. எல்லைக் கோட்டில் பணியாற்றும்போது இயற்கைச் சீற்றத்தாலும் தட்பவெப்ப நிலையால் வரும் நோயாலும் ஏற்படும் பாதிப்பை பேட்டில் கேஷுவல்டியில் சேர்க்கும் பிரிவு 2003-ஆம் ஆண்டின் ராணுவ ஆணை 1-ல் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோட்டில் ரோந்தில் கடும் குளிரில் மாரடைப்பால் இறந்த ஒரு வீரரின் மனைவிக்கு உயர்ந்த குடும்ப பென்ஷன் கொடுத்ததை எதிர்த்து அரசு போட்ட மேல்முறையீட்டை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, 50,000 ரூபாய் செலவுத் தொகையும் கட்டச் சொன்னது. அந்த வழக்கிலும் முதலில் பேட்டில் கேஷுவல்டி என்று எழுதிப் பின்னர் மாற்றியிருந்தார்கள். உங்கள் பார்ட்-டூ ஆர்டர்களிலும் அப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: என் மனுவுக்கு இரண்டே வரியில் பதில்: ‘ஆவணத்தில் பேட்டில் கேஷுவல்டி பதிவு இல்லை. கோரிக்கை காலம் கடந்தது.’ அவ்வளவுதானா?
— முன்னாள் சுபேதார், மதுரை

பதில்: பதிவு இல்லை என்பதுதான் உங்கள் குறையே. குறையையே மறுப்புக்குக் காரணமாகச் சொல்லும் பதில் நீதிமன்றத்தில் நிற்பது கடினம். ஆனால் இனி நாள் கணக்கு முக்கியம்.

பென்ஷன் மறுப்பாக வந்திருந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதலாம். பிறகு இரண்டாவது மேல்முறையீடு. அதன் பின்னரும் தீராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். தமிழ்நாட்டில் வசிப்பவர் சென்னை அமர்விலேயே வழக்குப் போடலாம், பணியாற்றிய இடத்துக்கோ ரெக்கார்ட்ஸ் இருக்கும் ஊருக்கோ போக வேண்டியதில்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மனுவுக்குப் பதிலே வராவிட்டால், மனுக் கொடுத்து ஆறு மாதம் கழிந்ததும் அடுத்த ஆறு மாதம் உங்களுக்கு உண்டு. தாமதம் இருந்தால் அதை மன்னிக்கக் கோரும் மனுவைக் கூடவே வையுங்கள்.

‘காலம் கடந்தது’ என்பதற்குப் பதில், தர்செம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாதாமாதம் குறைவாக வரும் பென்ஷன் தொடர்ந்து நடக்கும் தவறு. எனவே தாமதத்தால் உரிமை போகாது, ஆனால் நிலுவை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் கிடைக்கும். அதனால்தான் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட வேண்டாம் என்று வற்புறுத்துகிறோம். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்னால் ஒரு மாத நிலுவை கழிகிறது.

வழக்கு மனுவில், அரசுத் தரப்பு மூல ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு தனியாகக் கேளுங்கள். தகவல் உரிமையில் கிடைக்காத கோர்ட் ஆஃப் இன்கொயரி பல சமயம் அப்போதுதான் வெளியே வரும். வக்கீல் செலவு பாரம் என்றால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டம், படைவீரர் நல வாரிய அலுவலகங்களில் சட்ட உதவி மையம் அமைப்பதற்கானது. நிலுவையில் பங்கு என்று பேசி முன்பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: டிஸ்சார்ஜ் புத்தகத்தில் என் பெயர் ஒரு விதம், மருத்துவமனைத் தாளில் இன்னொரு விதம். இது தடையாகுமா?
— வாசகர், விருதுநகர்

பதில்: ஆகும், ஆனால் தீர்க்கக்கூடியது. நம் ஊர் முன்னெழுத்தை வடக்கே உள்ள குமாஸ்தா முழுப்பெயராக விரித்திருப்பார், அல்லது அப்பா பெயரையே உங்கள் பெயராக்கியிருப்பார். சர்வீஸ் நம்பர் ஒன்றாக இருந்தால் கவலை வேண்டாம். இரண்டு பெயரும் ஒருவரே என்ற பிரமாண வாக்குமூலம், ஆதார், பி.பி.ஓ. நகல் வைத்துப் பெயர்த் திருத்தத்தை முதலில் முடியுங்கள். நம்பரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது வேறு ஆள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதைச் சரிசெய்யாமல் காய மனுவை அனுப்ப வேண்டாம்.

கேள்வி: எந்த ரெக்கார்ட்ஸுக்கு எழுதுவது என்றே தெரியவில்லை.
— பலர்

பதில்: மெட்ராஸ் ரெஜிமென்ட் வெலிங்டன். மெட்ராஸ் என்ஜினியர் குரூப் பெங்களூரு. பீரங்கிப் படை நாசிக் ரோடு கேம்ப். சிக்னல்ஸ் ஜபல்பூர். இ.எம்.இ. செகந்திராபாத். ராணுவ மருத்துவப் படை லக்னோ. ஏ.எஸ்.சி. தெற்குப் பிரிவு பெங்களூரு. விமானப்படை வீரர்களுக்கு தில்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்ட். தவறான இடத்துக்குத் தகவல் உரிமை மனு போனாலும், சட்டத்தின் 6(3) பிரிவுப்படி ஐந்து நாளில் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

கேள்வி: திருத்தம் ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்துவிட்டது. பணம் இன்னும் மாறவில்லை.
— முன்னாள் லான்ஸ் நாயக், புதுக்கோட்டை

பதில்: ஏற்பு ரெக்கார்ட்ஸில் நடந்திருக்கிறது, பணம் பிரயாக்ராஜிலிருந்து வர வேண்டும். நடுவில் கோரிஜெண்டம் பி.பி.ஓ. வெளியாக வேண்டும். திருத்தப் பார்ட்-டூ ஆர்டரின் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, கிளெய்ம் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்று ரெக்கார்ட்ஸைக் கேளுங்கள். ஸ்பர்ஷ் என்ற இணையவழி பென்ஷன் தளத்தில் உங்கள் கணக்கு இருந்தால் அங்கேயே குறை பதிந்து, ஆர்டர் நகலை இணைக்கலாம். புது பி.பி.ஓ. வந்ததும் மூன்று இடத்தைச் சரிபாருங்கள்: எலிமென்ட்டின் பெயர் வார் இன்ஜுரி என்று இருக்கிறதா, சதவீதம் உயர்த்திய அளவில் இருக்கிறதா, அமலாகும் தேதி ஆணையில் உள்ளதுதானா. பெயர் மட்டும் மாறித் தொகை பழைய டிஸெபிலிட்டி எலிமென்ட்டின் 30 சதவீதக் கணக்கிலேயே நின்றுவிடுவதுண்டு. தொகையை முன்மாதத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வித்தியாசம் இருந்தால் கணக்கீட்டுத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.